பார்ஸ்னிப் விதையும் ஈரச் சாக்கும்

போன சனிக்கிழமை, ஏப்ரல் 12. தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு முடித்துவிட்டு எங்கள் ஊரான ஹோவிக் வந்து சேர மதியம் இரண்டு மணி ஆகிவிட்டது. நல்ல பசி. ஆனாலும் கைப்பையைத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டு நேராகத் தோட்டத்துக்குத்தான் போனேன். பாத்தியின் மேல் கிடந்த சாக்கின் ஒரு முனையைத் தூக்கினேன். சிவப்பு மண்ணில் நூல் பிடித்தாற்போலப் பச்சைப் பச்சையாகச் சிறு நாக்குகள். குனிந்து எண்ணினேன். ஒரு வரிசையில் மட்டும் 31.

விதைத்துச் சரியாகப் பதினான்கு நாள். கடையில் வாங்காமல், என் செடியிலிருந்து நானே எடுத்த விதை. அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பார்ஸ்னிப் முளைக்கவே மாட்டேன் என்கிறது என்று கைவிட்டவர்கள் சிலரை எனக்குத் தெரியும். 2023 வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

பார்ஸ்னிப்பைப் பார்க்காதவர்களுக்காக: வெள்ளைக் கேரட் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தந்த நிறம். தோள் அகலமாக இருக்கும், வால் நீண்டு மெலிந்துகொண்டே போகும். வேகவைத்தால் சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாதிரி இனிப்பு, கூடவே ஜாதிக்காயை நினைவுபடுத்துகிற ஒரு வாசனை. கேரட்டும் கொத்தமல்லியும் சீரகமும் சோம்பும் ஓமமும் இதன் சொந்தக்காரர்கள். உருளைக்கிழங்கு அமெரிக்காவிலிருந்து போய்ச் சேருவதற்கு முன்னால் ஐரோப்பாவின் குளிர்காலச் சாப்பாட்டில் இதற்குப் பெரிய இடம் இருந்தது. கரும்புச் சர்க்கரை மலிவாகக் கிடைக்காத காலத்தில் இனிப்புக்கும் இதைத்தான் போட்டார்கள்.

நான் பிறந்து வளர்ந்தது குன்னூர். கேரட், பீட்ரூட், டர்னிப், நூக்கல் எல்லாம் எங்களுக்கு 'இங்கிலீஷ் காய்'. அப்பா கேரட் போட்டார். விதைத்துப் பத்து நாளில் பாத்தி பச்சை கட்டிவிடும். அதைப் பார்த்து வளர்ந்ததால், இங்கே வந்த பிறகு மகள் ஒரு நாள் தோழி வீட்டில் சுட்ட பார்ஸ்னிப் சாப்பிட்டுவிட்டு வந்து, "அம்மா, அது நம்ம வீட்டுலயும் வேணும்" என்றதும், இதென்ன பெரிய விஷயம், கேரட் தெரிந்த கைக்கு இது வராதா என்றுதான் நினைத்தேன். கடையில் கிடைப்பதும் பாதி நாள் வாடி, வளைத்தால் ரப்பர் மாதிரி வளைகிறது. நாமே போட்டுவிடலாம் என்று ஒரு பாக்கெட் விதை வாங்கினேன்.

அது 2022 ஜனவரி. இங்கே ஜனவரி என்றால் நடுக்கோடை. காலையில் சுள்ளென்று வெயில், சாயந்தரமானால் இடியோடு மழை. குவாசூலு நேட்டாலின் இந்த மேட்டுப்பகுதியில் மழை பெரும்பாலும் அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள்தான், அதுவும் பல நாள் அடித்து ஊற்றும். கேரட் விதைப்பது போலவே கோடு கிழித்து, தூவி, மண் மூடினேன். நாலைந்து மழை அடித்து, மறுநாள் வெயில் காய்ந்து, மேல்மண் பொருக்குத் தட்டி ஓடு மாதிரி ஆகிவிட்டது. ஐந்து வாரம் பார்த்தேன். ஒன்றுகூட வரவில்லை.

அடுத்த வருஷம் ஏப்ரலில், அதே பாக்கெட்டில் மிச்சம் இருந்த விதையைப் போட்டேன். பாக்கெட்டை ஒட்டி, டப்பாவில் போட்டு, பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். மூன்று வாரம் வெறும் மண். நான்காவது வாரம் களை எடுக்கப் போனேன். கோட்டின் ஓரத்தில் ஒல்லியாக, நீளமாக இரண்டு இலை விட்ட புல் போல ஏதோ சில இருந்தன. பிடுங்கிப் போட்டேன். பிடுங்கிய கையில் ஒரு வாசனை. கொத்தமல்லித் தண்டைக் கிள்ளினால் வருமே, அதற்குப் பக்கத்தில் வரும் வாசனை. அப்போதுதான் உறைத்தது. கையில் இருந்தவற்றை எண்ணினால் மூன்று. அந்த வருஷத்துப் பார்ஸ்னிப் மொத்தமும் அவ்வளவுதான். அன்றைக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது.

பார்ஸ்னிப்பின் முதல் இரண்டு விதையிலைகள் புல்லைப் போல நீளவாக்கில்தான் இருக்கும். அதற்கு அப்புறம் நடுவிலிருந்து வருகிற மூன்றாவது இலைதான் அகலமாக, ஓரத்தில் பல் வைத்து, 'நான் பார்ஸ்னிப்' என்று சொல்லும். அந்த இலையைப் பார்க்கும்வரை அந்தக் கோட்டில் எதையும் பிடுங்காதீர்கள்.

இதை எனக்குத் தெளிவாகச் சொன்னவர் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. இங்கேயே பிறந்தவர், வயது எண்பதை நெருங்குகிறது. 1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு இங்கே வந்த முதல் கப்பல் அது. அதற்குப் பின்னால் வந்த கப்பல்களில் ஒன்றில் வந்தவர்கள் பெரியம்மாவின் முன்னோர். ஒப்பந்தம் முடிந்ததும் நிறையப் பேர் குத்தகைக்கு நிலம் பிடித்துக் காய்கறி போட்டார்கள். பெரியம்மாவின் அப்பாவும் அப்படி மாரிட்ஸ்பர்க் பக்கம் ஆற்றோரமாகத் தோட்டம் வைத்திருந்தவர். காலையில் பறித்து, கழுவி, கூடையில் அடுக்கி, வெள்ளைக்காரர் வீடுகளுக்குக் கொண்டுபோய் விற்பார். அந்த வீட்டு அம்மாக்கள் காய்க்காரர்கள் எல்லாரையும் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்களாம். ராமசாமி, முனுசாமி, கோவிந்தசாமி என்று பேர்கள் அப்படி முடிந்ததால் ஆளுக்கு ஒரு பேர் இருப்பதே அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அந்த வீடுகளில் கேட்பார்கள் என்பதற்காகவே அவர் பார்ஸ்னிப்பும் போட்டிருக்கிறார். வீட்டில் அதற்கு 'வெள்ளை கேரட்' என்று பேர். அப்புறம் 1950இல் வந்த குழுப் பகுதிச் சட்டத்தால் இந்தியர்கள் குறிப்பிட்ட பகுதிகளில்தான் இருக்க வேண்டும் என்று ஆனபோது அந்தக் குத்தகை நிலமும் போனது. பெரியம்மா அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். விதை பற்றிக் கேட்டால் மட்டும் நிறையப் பேசுவார்.

நான் பிடுங்கிப்போட்ட கதையைச் சொன்னதும் சிரிக்கவில்லை. "முந்தின வருசத்து வெதையா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"ஆமாம் பெரியம்மா, ஆனா பத்திரமாத்தான் வெச்சிருந்தேன்."

"பத்திரமா வெச்சாலும் அது ஒரு வருசந்தான் கண்ணு. அப்புறம் போயிரும். அது கெடக்கட்டும். மண்ணு மேல சாக்கு போட்டியா?"

போடவில்லை. "அப்பா கோணிச்சாக்கு நனைச்சுப் போடுவாரு. மூணு வாரம் ஈரம் போவக் கூடாது. ஒரு நாள் காஞ்சாலும் உள்ளுக்கே செத்துரும்."

எனக்குப் புரிந்தது இதுதான். கேரட் விதை இரண்டு மூன்று வருஷம் தாங்கும். தக்காளி இன்னும் தாங்கும். பார்ஸ்னிப் விதைக்கு அந்த ஆயுள் கிடையாது. உள்ளங்கையில் ஒன்றை வைத்துப் பார்த்தால் தெரியும். சதகுப்பை விதையைக் கொஞ்சம் பெரிதாக்கி, தட்டையாக்கி, சுற்றிலும் மெல்லிசாக ஒரு சிறகு வைத்தது போல இருக்கும். முதுகில் பழுப்பாக நாலு கோடு, எண்ணெய் ஓடும் குழாய்கள் அவை. தேய்த்தால் வாசனை. மூச்சு விட்டால் பறந்துவிடும், அவ்வளவு லேசு. உள்ளே இருக்கிற கரு சின்னது, முளைக்கும் முன்னால் அது விதைக்குள்ளேயே வளர வேண்டும். அதனால்தான் இத்தனை நாள் பிடிக்கிறது. தண்ணீரைக் குடித்து எழுந்த கரு பாதியில் காய்ந்துபோனால் திரும்ப எழாது.

சரி, 2024இல் முதல் வேலையாகப் புதுப் பாக்கெட் வாங்கினேன். எந்த வருஷத்து விதை என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துத்தான் எடுத்தேன். 'ஹாலோ கிரவுன்' என்ற பழைய ரகம். தோள்பட்டை நடுவில் சின்னக் குழி விழுந்திருக்கும், பேரே அதனால்தான். வீட்டுக்கு வந்ததும் பழைய பாக்கெட்டின் அடியில் ஒட்டியிருந்ததில் 20 விதையும், புதியதில் 20 விதையும் ஓர் இரவு ஊற வைத்து, மறுநாள் சமையலறைத் தாளை நனைத்து, தண்ணீர் சொட்டாத அளவுக்குப் பிழிந்து, தனித்தனியாகப் பரப்பி மடித்து, இரண்டு மூடி டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தேன். தினமும் காலையில் காபி போடும் நேரத்தில் திறந்து பார்ப்பேன். காற்றுப் படவும் வேண்டும், பூஞ்சை வந்தால் அந்த விதையை எடுத்துவிடவும் வேண்டும்.

ஒன்பதாவது நாள் புதிய டப்பாவில் ஒரு விதையின் நுனி வெடித்து, அரிசி முனை அளவுக்கு வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது. பத்தாம் நாள் நாலு. பதினான்காம் நாள் எண்ணும்போது இருபதில் பதினைந்து. பழைய டப்பாவில் ஒன்றே ஒன்று. 2023இல் ஏன் வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதற்கு அந்த இரண்டு தாள்தான் பதில். உங்களிடம் பழைய பாக்கெட் இருந்தால் நிலத்தில் போடும் முன் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். இரண்டு வாரம்தான் செலவு. தெரியாமல் போட்டால் ஒரு பருவமே போய்விடும்.

எப்போது விதைப்பது என்பதும் பாதி விஷயம். முளைப்புக்கு மண்ணின் சூடுதான் கணக்கு. 20 டிகிரி வாக்கில் இருந்தால் சுமார் இரண்டு வாரம். 10 டிகிரி என்றால் நாலு வாரம். 5 டிகிரிக்கு இறங்கினால் கிட்டத்தட்ட இரண்டு மாதம். சூடு ஏறினால் சீக்கிரம் வரும் என்று நினைக்காதீர்கள், 30 டிகிரியில் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், 35இல் முளைக்கவே முளைக்காது. என் ஜனவரி விதைப்பு வீணானதற்கு அந்தச் சூடும் ஒரு காரணம்.

இங்கிலாந்துப் புத்தகங்களில் மார்ச், ஏப்ரல் என்று போட்டிருக்கும். அது அவர்களுக்கு வசந்தம், நமக்கு இலையுதிர்காலம். மாதப் பேர் தற்செயலாக ஒன்றாக இருக்கிறது, ஆனால் அவர்கள் கோடையை நோக்கிப் போகிறார்கள், நாம் குளிரை நோக்கிப் போகிறோம். ஹோவிக் ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது. மார்ச் கடைசியில் வெயிலின் கடுமை குறையும், மழையும் ஓயத் தொடங்கும், மண்ணில் மட்டும் சூடு மிச்சம் இருக்கும். அதுதான் நேரம். பெரியம்மாவின் அப்பாவுக்கு நாள்காட்டி தேவைப்படவில்லை. மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயிலில் பெரிய வெள்ளிக்கிழமை அன்று தீமிதி நடக்கும். தோட்டக் கூலிகளுக்கு அன்றைக்குத்தான் லீவு கிடைக்கும், அதனால் திருவிழா அந்த நாளில் அமைந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். தீமிதி முடிந்த மறுநாள் அவர் விதைப்பாராம். நானும் 2024இல் அப்படியே செய்தேன், அந்த வருஷம் பெரிய வெள்ளி மார்ச் 29. ஆனால் அந்த நாள் வருஷத்துக்கு வருஷம் நகரும். இந்த 2025இல் ஏப்ரல் 18. மாரிட்ஸ்பர்க் கீழே இருக்கிறது, அங்கே அது சரியாக இருக்கலாம். எங்கள் மேட்டுக்கு அது கொஞ்சம் தாமதம். அதனால் பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு இந்த வருஷமும் மார்ச் கடைசியிலேயே, 29ஆம் தேதி போட்டேன்.

இனி மண். எங்கள் மண் செக்கச் சிவந்த களி. நனைந்தால் செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும், காய்ந்தால் செங்கல். பார்ஸ்னிப் ஆணிவேர்ப் பயிர். கீழே போகும் வழியில் ஒரு கல்லோ கட்டியோ இடித்தால் வேர் இரண்டாகப் பிரிந்துவிடும். புதுச் சாணி எரு போட்டாலும் அதே கதி, வேர் கால் கால்களாகப் பிரியும், இலை மட்டும் கொழுக்கும். அதனால் போன வருஷம் வேறு பயிருக்கு எரு போட்ட பாத்தியைத்தான் இதற்குத் தேர்ந்தெடுத்தேன். இங்கே மண்ணில் புளிப்பும் அதிகம், இரண்டு மாதம் முன்பே சுண்ணாம்புத்தூள் கலந்துவிட்டேன்.

முழுப் பாத்தியையும் ஆழமாகக் கொத்த என் முதுகு இடம் கொடுக்காது. ஒரு வழி கண்டுபிடித்தேன். மண் ஈரமாக இருக்கும்போது கடப்பாரையை ஒரு முழ ஆழத்துக்கு இறக்கி, சுற்றிச் சுற்றி ஆட்டினால் கூம்பு மாதிரி ஒரு குழி விழும். அதில் ஆற்று மணலும் சலித்த மக்கிய குப்பையும் பாதிக்குப் பாதி கலந்து நிரப்பி, லேசாக அழுத்தி விட வேண்டும். குழிக்குக் குழி ஒரு சாண். கிழங்குக் கண்காட்சிகளுக்கு வளர்ப்பவர்கள் வழக்கமாகச் செய்கிற வேலைதான் இது. 2024இல் 24 குழி போட்டேன். கணவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், ஒரு சனிக்கிழமை காலை முழுக்க ஆனது.

அந்த முதல் தடவை, தாளில் முளைவிட்ட விதைகளைத்தான் நட்டேன். சோதனையில் எவ்வளவு தேறும் என்று தெரிந்துவிட்டதால் மறுபடி ஒரு பெரிய தாளில் 100 விதை வைத்து, முளை எட்டிப் பார்த்ததும் எடுத்தேன். முளை அரை சென்டிமீட்டர் இருக்கும்போதே நட்டுவிட வேண்டும். இன்னும் இரண்டு நாள் விட்டால் வேர் தாளின் நாருக்குள் நுழைந்துவிடும், பிரித்தால் நுனி உடையும், நுனி உடைந்தால் கிழங்கு கோணல்தான். நாற்று வளர்த்துப் பிடுங்கி நடும் வேலையும் இதற்கு ஆகாது. கையால் தொடாமல் ஈரமான ஓவியத் தூரிகையின் முனையில் ஒட்டி எடுத்தேன். குழிக்கு மூன்று, ஒரு சென்டிமீட்டர் ஆழம், மேலே அதே சலித்த கலவை. களிமண்ணால் மூடாததால் பொருக்கும் தட்டவில்லை.

அப்புறம் சாக்கு. பிளாஸ்டிக் சாக்கு வேண்டாம், சணல் சாக்குதான். உருளைக்கிழங்கு வந்த பழைய சாக்கு இரண்டைப் பிரித்து, வாளியில் ஊறவைத்து, பிழியாமல் பாத்தியின் மேல் விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்தேன். காலையில் ஒரு தடவை, வெயில் இருந்தால் மூன்று மணிக்கு ஒரு தடவை, பூவாளியால் சாக்கின் மேலேயே தண்ணீர். சாக்கை விரலால் அழுத்தினால் விரல் ஈரமாக வேண்டும், அதுதான் அளவு. மண் சகதியாகிவிடக் கூடாது. முளைவிட்ட விதை என்றால் ஐந்தாம் நாளிலிருந்து, நேரே விதைத்தது என்றால் பத்தாம் நாளிலிருந்து, தினமும் சாக்கைத் தூக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு காரணம். முளை வந்த பிறகும் மூடி வைத்தால் வெளுத்து நீண்டு படுத்துவிடும். இன்னொன்று, ஈரச் சாக்குக்கு அடியில் ஓடில்லாத நத்தைகள் குடியேறும். ஒரே இரவில் ஒரு வரிசையை மேய்ந்துவிடும். நான் தினமும் இரவு டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்கினேன்.

சாக்கை எடுப்பது சாயந்தரம்தான். நிழலில் இருந்த குருத்தை மதிய வெயிலில் திறந்தால் வாடிவிடும்.

சாக்கோடு கூட ஒரு முள்ளங்கி வேலையும் உண்டு. வரிசையில் அங்கங்கே முள்ளங்கி விதை ஒன்றிரண்டு சேர்த்துப் போட்டால் அது நாலைந்து நாளில் முளைத்து, கோடு இங்கே இருக்கிறது என்று காட்டும். களை எடுக்கத் தைரியம் வரும். பார்ஸ்னிப் இடம் கேட்கும் நேரத்துக்கு முள்ளங்கி சாம்பாருக்கு வந்துவிடும். ஆனால் சாக்கு போட்ட பாத்தியில் முள்ளங்கி முந்திக்கொண்டு சாக்கை முட்டும், அதற்காகச் சாக்கைச் சீக்கிரம் எடுக்க வேண்டி வரும். இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் சாக்கைத்தான் சொல்வேன்.

முளைத்த பிறகு பார்ஸ்னிப் அவ்வளவாகத் தொந்தரவு கொடுக்காது. மூன்றாவது இலை வந்து ஒரு விரல் உயரம் ஆனதும், குழிக்கு ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கத்திரியால் நறுக்கிவிட வேண்டும். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் அசையும். மனசுக்குக் கஷ்டமான வேலை, எத்தனை பாடுபட்டு முளைக்க வைத்தது. ஆனாலும் நெருக்கமாக விட்டால் எல்லாம் விரல் தடிமனோடு நின்றுவிடும். குளிர்காலத்தில் இங்கே மழை கிடையாது. வாரத்துக்கு ஒரு தடவை ஆழமாகத் தண்ணீர் விட்டேன். வறண்ட மண்ணில் திடீரென்று நிறையத் தண்ணீர் பாய்ந்தால் கிழங்கு வெடிக்கும்.

பகைவர்கள் மேலேயும் கீழேயும். மேலே ஹாடீடா. தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, விடியற்காலையில் கூரை அதிரக் கத்திக்கொண்டு பறக்கும் அந்த நீள மூக்குப் பறவை. ஈரமான பாத்தியைக் கண்டால் புழுவுக்காக மூக்கைக் குத்திக் குத்திப் பஞ்சுமெத்தை மாதிரி ஆக்கிவிடும். வளைத்த கம்பி மேல் வலை போட்டால் தீர்ந்தது. கீழே மண்ணுக்குள் வாழும் மோல்-ராட் எலி. அதற்கு நல்ல வழி எனக்கு இன்னும் அகப்படவில்லை. ஒரு நாள் செடி வாடியிருக்கிறதே என்று இழுத்தேன், இலையும் தோளும் மட்டும் கையோடு வந்தன, கீழே முழுக்கிழங்கும் சுத்தமாகத் தின்னப்பட்டிருந்தது. அந்த வருஷம் 24இல் ஐந்து அப்படிப் போயின.

ஜூன் வந்ததும் எங்கள் ஊரில் உறைபனி. தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு இங்கே குளிர் என்பது நம்ப முடியாததாக இருக்கலாம். 1893 ஜூன் 7 இரவு காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்களே, அவர் இரவெல்லாம் குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது இந்த மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில்தான். ஹோவிக் அதைவிட உயரம், இன்னும் குளிர். காலையில் புல்வெளி வெள்ளையாகப் பொடி தூவினாற்போல இருக்கும். என் கறிவேப்பிலைச் செடியைத் தொட்டியோடு சமையலறைக்குள் தூக்கி வந்துவிடுவேன். பார்ஸ்னிப்புக்கோ இதுதான் வேண்டியது. குளிர் பட்டதும் கிழங்கில் இருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறத் தொடங்கும். மே மாதக் கடைசியில் ஆசைக்கு ஒன்று தோண்டிப் பார்த்தோம், சப்பென்று இருந்தது. அதே வரிசையில் ஆடி மாதம், நாலைந்து உறைபனி கண்ட பிறகு எடுத்ததை மகள் பச்சையாகக் கடித்துவிட்டு, "சர்க்கரை போட்டியா?" என்று கேட்டாள்.

இழுத்து எடுக்காதீர்கள், வால் அறுந்துவிடும். பக்கத்தில் தோட்டத்து முள்கரண்டியை இறக்கி மண்ணை நெம்பிவிட்டுத் தூக்க வேண்டும். பெரிய கிழங்கின் நடுத்தண்டு நார் ஓடியிருக்கும், நாலாகப் பிளந்து அதைச் சீவி எறிந்துவிடலாம். சாம்பாரில் போட்டுப் பார்த்தேன், இனிப்பு சாம்பாரைக் கெடுத்தது. எங்கள் வீட்டுக்குப் பிடித்தது மிளகு வறுவல். சின்னத் துண்டாக நறுக்கி, அரை வேக்காடாக வேகவைத்து வடித்து, கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்து, மஞ்சளும் உப்பும் போட்டு ஓரம் சிவக்கும்வரை வதக்கி, கடைசியில் நிறைய மிளகுத்தூள். இனிப்பும் காரமும் ஒன்றாக வரும். பெரியம்மாவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். சிறு வயதில் வீட்டில் இதைச் சமைத்ததே இல்லையாம், விற்க மட்டும்தானாம். உடைந்து போனதும் கோணலானதும் மட்டும் அம்மா அடுப்புச் சாம்பலில் சுட்டுக் கொடுப்பாராம்.

எடுக்கும்போது நாலு நல்ல கிழங்கை மண்ணிலேயே விட்டுவிட்டேன். பார்ஸ்னிப் இரண்டு வருஷப் பயிர், முதல் பருவம் கிழங்கு, குளிர் கழிந்ததும் பூ. செப்டம்பரில் துளிர்த்து, நவம்பர் கடைசியில் என் தலைக்கு மேலே போய்விட்டது. மஞ்சளாகக் குடை குடையாகப் பூ. ஈயும் சிறு வண்டும் குளவியும் மொய்த்தன. இந்த இடத்தில் எல்லாரும் கவனமாக இருக்க வேண்டும். டிசம்பரில் ஒரு நல்ல வெயில் நாளில் அரைக்கைச் சட்டையோடு அந்தத் தண்டுகளைக் குச்சியில் கட்டி, குறுக்கே வந்த இலைகளை ஒடித்துப் போட்டேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து இரண்டு முன்னங்கையிலும் கோடு கோடாகச் சிவந்து, கொதி எண்ணெய் தெறித்தது போலக் கொப்புளம். பார்ஸ்னிப் இலை, தண்டின் சாறு தோலில் பட்டு, மேலே வெயிலும் பட்டால் தோல் வெந்துவிடும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மட்டும் வருவதல்ல, யாருக்கும் வரும். கொப்புளம் ஆறிய இடத்தில் பழுப்புத் தழும்பு இன்னும் இருக்கிறது. கிழங்கைத் தின்ன பயம் வேண்டாம். செடியில் வேலை செய்யும்போது முழுக்கையும் கையுறையும் போடுங்கள், வெயில் தாழ்ந்த பிறகு செய்யுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

ஜனவரிக் கடைசியில் விதை பழுப்பாகிக் காய்ந்தது. உச்சியில் முதலில் பூத்த நடுக்குடையின் விதைதான் பெரிது, அதை மட்டும் தனியாக எடுத்தேன். பக்கக் குடைகள் பின்னால் வந்தவை, விதையும் சின்னது. காற்று இல்லாத காலையில் காகிதப் பையைக் குடையின் மேல் கவிழ்த்து, கீழே நறுக்கினால் ஒன்றும் சிந்தாது. இரண்டு வாரம் வீட்டுக்குள் நிழலில் காயவைத்து உதிர்த்தேன். ஜனவரியில் விளைந்து மார்ச்சில் மண்ணுக்குப் போகிற விதைக்குக் கிழடு தட்டவே நேரம் இல்லை. நம் ஊர்ப் பருவம் நமக்குச் செய்கிற உதவி இது. இந்தத் தடவை தாளும் வேண்டியிருக்கவில்லை, தூரிகையும் வேண்டியிருக்கவில்லை. குழிக்கு நாலு விதை, சாக்கு, தண்ணீர், அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயந்தரம் ஐந்தரைக்குப் பெரியம்மாவும் வேலிக்கு இந்தப் பக்கம் வந்தார். இருவருமாகச் சாக்கை மெதுவாகச் சுருட்டினோம். அவர் குனிய முடியாமல் மகளை விட்டு எண்ணச் சொன்னார். இரண்டு வரிசையிலும் சேர்த்து 58. வலையைக் கட்டிவிட்டுச் சாக்கை அலசிக் கொடியில் போட்டேன்.

மிச்ச விதை ஒரு ஜாம் பாட்டில் அளவுக்கு இருக்கிறது. அடுத்த வருஷத்துக்கு அது ஆகாது. சின்னச் சின்னக் காகித உறையில் போட்டு, மேலே 'வெள்ளை கேரட், ஜனவரி 2025' என்று எழுதிவிட்டேன், வரும் சனிக்கிழமை வகுப்புக்குக் கொண்டுபோகிறேன். பிள்ளைகளின் அம்மாக்களுக்கு: ஏப்ரல் முடிவதற்குள் போட்டுவிடுங்கள், சணல் சாக்கு இல்லாதவர்கள் சொல்லுங்கள், என்னிடம் இன்னும் மூன்று இருக்கிறது.